விளிம்பைப் பிடித்த கை

தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கையை நான் துடுப்பால் அடித்தேன்.

தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓங்கித்தான் அடித்தேன். அவர் என் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். அடித்ததும் விட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் துடுப்புப் போட்டுக்கொண்டு போனேன்… போய், கரையில் இறங்கி, மாலை வாங்கிக்கொண்டேன்!

இதைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் வாய் திறக்கிறது. ஏதோ சாதனை செய்தவன் என்று என்னைப் பற்றி எங்காவது படித்திருந்தால், தயவுசெய்து அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேள்.

நான் ஒகேனக்கல்காரன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் பரிசல் ஓட்டுகிறவர்கள். நானும் ஓட்டினேன். பிறகு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்க் கயாக் ஓட்டக் கற்றேன். அங்கேயே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காருகிற ஒல்லியான, நீளமான படகு. கால்களை உள்ளே நீட்டி, இடுப்பைச் சுற்றி ரப்பர் துணியால் மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் தட்டை வைத்த ஒரே துடுப்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கடல் கயாக்கில் ஒரு நெடும்பயணம் போக ஆசைப்பட்டேன். ஒகேனக்கல் அருவிக்குக் கீழே தொடங்குவது. மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, காவிரியோடு கடல்வரை போவது. அங்கிருந்து கரையோரமாகவே ராமேஸ்வரம்வரை. தன்னந்தனியாக! கூடவே ஒரு துணைப் படகு வரட்டும் என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். மாட்டேன் என்றேன். ‘தனியாக’ என்ற சொல்மேல் எனக்கு அப்படியொரு வெறி.

முதல் நாளே அது நடந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆனி மாதம்.

விடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். கொடியசைக்க வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். வந்தவர் பேசினார்; அவருடன் வந்தவர்களும் பேசினார்கள். நான் பாறைமேல் நின்றுகொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனியில் மத்தியானத்துக்கு மேல் மேல்காற்று எழும்பும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காற்று எழும்புவதற்குள் நீர்த்தேக்கத்தின் அகலமான இடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. கணக்காவது, கத்தரிக்காயாவது! கிளம்பும்போதே எனக்குள் எரிச்சல் கொதித்துக்கொண்டிருந்தது.

பாறை இடுக்குகளுக்குள் ஆறே என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒட்டனூரை நெருங்க நெருங்க இழுப்பு குறைந்து, தண்ணீர் அகன்று, பிறகு அசையாமலே கிடந்தது. அதற்குமேல் ஒவ்வோர் அடியும் என் தோள்தான் கொடுக்க வேண்டும். அன்றைய பயணம் முடிகிற நாகமரைத் துறையில் எனக்கு வரவேற்பு. அங்கேயும் மனிதர்கள், மேளம், கேமரா. வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள், படம் நன்றாக வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காற்று வந்தது. சொல்லி வைத்த மாதிரி வந்தது.

அணைத் தண்ணீரில் அலையா என்று நீ சிரிக்கலாம். வந்து பார். கடல் அலைக்கு ஒரு தாளம் உண்டு, பழகிவிட்டால் அதோடு போய்விடலாம். இது குட்டை அலை, குறுக்கும் நெடுக்குமாக அடிக்கும். பக்கவாட்டில் வாங்கினால் படகு சாயும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பால் சமாளித்தபடி போய்க்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. கொடியசைக்க வந்தவரை மனசுக்குள் ஏசிக்கொண்டே துடுப்புப் போட்டேன்.

அப்போதுதான் கவிழ்ந்த பரிசலைப் பார்த்தேன். கறுப்பாக, முதுகைக் காட்டிக்கொண்டு, அலையில் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் நடுவே ஒரு தலை. மீன்பிடிக்கிறவர். பரிசலை எட்டிப் பிடிக்க முடியாமல், என்னைப் பார்த்து நீந்தி வந்துகொண்டிருந்தார்.

இங்கே ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். பரிசலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் விழுந்தவனைப் பரிசலின் விளிம்பில் கை வைக்க விடக்கூடாது. வட்டமான பரிசல், ஒருவன் தொங்கினால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் கவிழ்வார்கள். அதனால் முதலில் துடுப்புக் கட்டையை நீட்ட வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தள்ளியே வைத்து இழுத்துவர வேண்டும். அதையும் மீறி விளிம்பைப் பிடித்தால், கைமேல் ஒரு போடு. எங்கள் துறையில் யாரும் இதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. வண்டி ஓட்டுகிறவன் பிரேக்கை மிதிப்பது மாதிரி, கை தானாகச் செய்யும்.

கயாக்கில் இதெல்லாம் தேவையே இல்லை. விழுந்தவரைப் படகின் முன்மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் போதும். படகு தாங்கும், மெதுவாகவாவது கரை சேர்க்கலாம். அது எனக்குத் தெரியாதா? கடற்கரையில் நாள்தோறும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான்!

அவர் வந்துவிட்டார். என் இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்பை எட்டிப் பிடித்தார். படகு சாய்ந்தது, தண்ணீர் மடிமேல் ஏறியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, ஏதோ பஸ்ஸில் பக்கத்து இடம் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

“தம்பி… கொஞ்ச நேரம் புடிச்சிக்கறனுங்க.”

நான் அடித்தேன்.

அவர் கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அலை எங்களைப் பிரித்தது. நான் இரண்டு பக்கமும் வெறி பிடித்தவனாகத் துடுப்பை வீசினேன்.

பரிசல்காரன் புத்தி, கை தானாக ஓங்கிவிட்டது, நான் என்ன செய்வேன்… இப்படித்தான் எனக்கு நானே வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் பரிசல்காரன் முதலில் கட்டையை நீட்டுவான். நான் நீட்டினேனா? இல்லை. நீட்டுவதற்கு நேரம் இருந்ததா? இருந்தது. அவர் நீந்தி வருவதை அவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

பயமா? பயமும் இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். அந்தக் கை விளிம்பில் விழுந்தபோது என் மனசில் ஓடியது இதுதான்: ‘விழுவதற்கு உனக்கு இன்றைக்குத்தானா கிடைத்தது?’

கோபம்! வெறும் கோபம். காலையில் கொடியசைக்க வந்தவர்மேல் காட்ட முடியாத கோபத்தை, செத்துக்கொண்டிருந்த மனிதரின் விரல்கள்மேல் காட்டினேன். இதுதான் நான். இதற்குமேல் என்ன சொல்ல?

கரைக்குப் போனதும் சொல்லி ஆள் அனுப்பிவிடலாம், மோட்டார் படகு இருக்கிறது, அதுதான் நல்ல வழி… இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். நாகமரைத் துறை தெரிந்ததும் மேளம் கேட்டது. படகை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார்கள். நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஆரத்தி சுற்றியவள் ஒரு இளம்பெண். இடுப்பில் பெண்குழந்தை. குழந்தையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுச் சிரத்தையாகச் சுற்றினாள். என் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு பொன்னாடை. அதற்குப் பிறகு மைக். முதல் நாள் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காற்றைப் பற்றிச் சொன்னேன். அலையைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள். அப்புறம்தான், ஞாபகம் வந்ததுபோல, வருகிற வழியில் தூரத்தில் ஒரு பரிசல் கவிழ்ந்த மாதிரி தெரிந்தது என்றேன். தூரத்தில்! மாதிரி! நாக்கு எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிறது, பார்த்தாயா?

மேளம் நின்றது. ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. பொட்டு வைத்த அந்தப் பெண்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். அவள் பெயர் செல்வி என்று அப்போது எனக்குத் தெரியாது. காலையில் பரிசலில் மீன்பிடிக்கப் போனவர் அவள் புருஷன் மாதையன் என்பதும் தெரியாது.

“எந்தப் பக்கம்ங்க? சொல்லுங்க… எந்தப் பக்கம்?”

கையைக் காட்டினேன். அக்கரைக்கு ஆள் ஏற்றும் மோட்டார் படகு பறந்தது. அது திரும்பி வரும்வரை அவள் தண்ணீருக்குள் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தாள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். அதைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் செத்துப்போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததா, நானே வரவழைத்தேனா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணம் ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாதையன் உயிரோடு வந்தார். தண்ணீரில் மூழ்கி நின்ற ஒரு பட்ட மரத்தின் கிளையில் இடது கையைக் கோத்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். வலது கை வீங்கி, நடுவிரலும் மோதிர விரலும் கோணிக் கிடந்தன. எப்படி என்று கேட்டார்கள். பரிசல் கவிழும்போது விளிம்பில் மாட்டிக்கொண்டது என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அதற்குள் செல்வி என் காலில் விழுந்துவிட்டாள்.

“நீங்க பாத்து சொல்லலன்னா என் தாலி போயிருக்குமுங்க சாமி.”

நான் காலை நகர்த்தவில்லை.

மறுநாள் கிளம்பிவிட்டேன். ஆமாம், கிளம்பினேன்! பயணத்தை நிறுத்தினால் காரணம் கேட்பார்களே… அணையைச் சுற்றிப் படகைத் தூக்கிப்போனேன், ஆற்றில் இறங்கினேன், கடலைத் தொட்டேன், தெற்கே திரும்பினேன். வழியெல்லாம் மீனவர்கள் என் படகைத் தூக்கிக் கரையேற்றினார்கள், சோறு போட்டார்கள். அவர்கள் கை என் படகில் படும்போதெல்லாம் துடுப்பைக் கீழே வைத்துவிட்டேன். எது பயமாக இருந்தது என்று கேட்டவர்களிடம் காற்று என்றேன். ராமேஸ்வரத்திலும் அதையே சொன்னேன். பென்னாகரத்தில் பாராட்டு விழா வைத்தார்கள், அங்கேயும் காற்று என்றேன்.

மாதையனின் கைக்குக் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது. அந்த இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. துடுப்பை எப்படியோ இடுக்கிப் பிடித்துவிடுகிறார். ஈரவலையை இறுக்கி இழுக்க முடியவில்லை. இழுத்தால் நழுவுகிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். நம்பு. வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “ஏங்க, அண்ணன் வந்திருக்குது” என்றாள். யார் அண்ணன்? நானா?

அவளுக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் பிறந்த வீடு. தக்காளி விளைகிற மேட்டுக்காடு. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. மகளுக்குக் காது குத்த வேண்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். பங்காளி வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டுச் சலித்துப்போயிருந்தாள். புருஷன் உயிரை மீட்டுக்கொடுத்த நீங்கள்தான் உட்கார வேண்டும் என்றாள். மாதையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் சேர்த்துவைத்த வார்த்தைகளை விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினாய் என்று கேட்கிறாயா? கேள். எனக்கும் தெரியவில்லை.

பட்டுப்பாவாடை, தோடு, பழத்தட்டு என்று தாய்மாமன் சீர் கொண்டுபோனேன். கோவிலில் ஆசாரி தாய்மாமன் யார் என்று கேட்க, செல்வி என்னைக் காட்டிய பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். குழந்தை என் மடியில் உட்கார்ந்தாள். கம்பி ஏறியதும் வீறிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமனுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்க வேண்டியவர் தகப்பன். மாதையன் இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். மடங்காத அந்த இரண்டு விரல்களும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. “மச்சான்னு கூப்புட்டுக் குடுங்க, என்ன கூச்சம்” என்று செல்வி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர், “எடுத்துக்குங்க சார்” என்றார்.

எல்லோரும் பந்திக்குப் போனதும் கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். மாதையண்ணா, அன்றைக்கு… என்று தொடங்கினேன். அவர் நிறுத்தினார்.

“வேணாங்க சார். அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். கூடப்பொறந்தவன் இல்லாதவ, இப்பத்தான் ஒரு அண்ணன் கெடச்சான்னு சந்தோசமா இருக்கறா.”

மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன். என் மனம்தான் எவ்வளவு அவசரமாக நினைத்துக்கொண்டது! அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அதுக்காவ நான் உங்கள வுட்டுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அவ கூப்புடறப்பல்லாம் வரணும். அண்ணனா வரணும்.”

அன்றிலிருந்து போகிறேன். பொங்கலுக்குப் போகிறேன், மாரியம்மன் பண்டிகைக்குப் போகிறேன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போகிறேன். செல்வி கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். மாதையன் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். நாங்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி மறுபடி பேசியதில்லை. அவளிடம் சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கு அண்ணன் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் அவள் தினமும் ஒரு பொய்யைச் சாமி என்று கும்பிட்டுக்கொண்டிருப்பாள். எது சரி? உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லாதே. நான் அதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொள்வேன்.

போன வாரம் கூப்பிட்டாள். இனி வலையைத் தானே இழுக்கப்போவதாகவும், மாதையன் துடுப்பு மட்டும் போடட்டும் என்றும் சொன்னாள். அவள் மேட்டுக்காட்டுப் பெண். நீச்சல் தெரியாது, முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. முதல் நாள் அண்ணன் வந்து நின்றால் தைரியமாக இருக்கும் என்றாள்.

போனேன். உயிர்காப்புச் சட்டை ஒன்று எடுத்துப்போய்ப் போட்டுவிட்டேன். முதலில் நீச்சல் பழகு என்று கெஞ்சினேன், அது அப்புறம் பார்க்கலாம் என்றாள். பரிசலில் ஏறி, விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, காத்து வேறு அடிக்கிறதே, பயமாக இல்லையா என்று அவளைக் கேட்டாள்.

“என்ன பயம்? எங்கண்ணன் கரையில நிக்குதுல்ல. தண்ணியில கெடக்கற ஆள வுட்டுட்டுப் போற ஆளா அது?” என்றவள், என் பக்கம் திரும்பினாள். “இல்லண்ணா?”

மாதையன் துடுப்பைத் தண்ணீரில் வைத்தவர், தள்ளாமல் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் சொல்லும்வரை கிளம்புவதில்லை என்பதுபோல் காத்திருந்தார்.

“ஆமாம்மா” என்றேன்.

அந்தச் சொல்லை நம்பி அவள் தண்ணீருக்குள் போனாள்.